சுவரைத் தட்டுகிறவள்

ஜூன் 4, செவ்வாய்

செருப்பில் பூஞ்சை பூத்துவிட்டது. சிவகாசியில் நான்கு வருடம் உழைத்த தோல் செருப்பு, ஜப்பானுக்கு வந்த ஐந்தாம் மாதத்தில் பச்சையாக ரோமம் முளைத்து நிற்கிறது. அலமாரியைத் திறந்தால் ஈரச்சாக்கு வாடை. வெளியே மழை. நம் ஊர் மாதிரி கொட்டித் தீர்த்துவிட்டுப் போகிற மழை இல்லை. சளி பிடித்தவன் மூக்குபோல நாள் முழுக்க ஒழுகுகிறது. இதற்குப் பிளம் மழை என்று பெயராம். பெயரை மட்டும் ருசியாக வைத்துவிடுகிறார்கள்.

கயல் ஏழரைக்கே ஆய்வுக்கூடத்துக்குப் போய்விட்டாள். இங்கே அவளுக்குத்தான் வேலை. எனக்கு முன்னால் ஒன்றரை வருடம் தனியாக இருந்து, இந்த வீட்டைப் பிடித்து, பிறகுதான் என்னை வரவழைத்தாள். என் அடையாள அட்டையில் ‘குடும்பத்தோடு தங்குபவர்’ என்று போட்டிருக்கிறது. பதினெட்டு வருடம் ஆப்செட் அச்சகத்தில் நிறம் பார்த்தவன் நான். காலண்டர் முருகன் கன்னத்தில் ஒரு சொட்டு மஞ்சள் கூடினால் மெஷினை நிறுத்துகிறவன். இன்று காலை தயிர் டப்பா கழுவினேன். தின்று முடித்த டப்பா. குப்பையில் போடுவதற்காக! குப்பையைக் கழுவிப் போடும் கொடுமையை எங்கே போய்ச் சொல்ல?

சாயங்காலம் தபால் பெட்டியில் ஒரு தாள் கிடந்தது. கயல் வந்து படித்தாள்.

“ரெண்டாவது மாடிப் பக்கம் வாடை வருதுன்னு புகார் வந்திருக்காம். எல்லாரும் கவனமா இருக்கணுமாம்.”

“எல்லாரும்னா யாரு?”

“எல்லாரும்னா எல்லாருந்தாங்க.”

எல்லாரும் என்றால் நான். இது புரிவதற்கு ஜப்பானிய மொழி தெரிய வேண்டியதில்லை. கயல் மட்டும் இருந்தவரை புகாரே வந்ததில்லையாம். கட்டட மேலாளர் மொரிதாவுக்குப் போன் போட்டு, போனுக்கே குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டாள். செப்டம்பர் கடைசியில் வாடகை ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிப்பதை ‘அப்போதைய நிலைமையைப் பார்த்து’ யோசிப்பார்களாம்.

இந்த வீடு கயலுக்குப் பத்தாவது முயற்சியில் கிடைத்தது. முதல் ஒன்பது வீட்டுக்காரர்களும் வெளிநாட்டவர் என்றதும் தலையைச் சாய்த்துப் பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சினார்களாம். அதற்கு இல்லை என்று அர்த்தம். இன்று போனில் மொரிதா உறிஞ்சிய சத்தம் எனக்கே கேட்டது.

ஜூன் 7, வெள்ளி

எரியும் குப்பை போடும் நாள். இங்கே எரிவது, எரியாதது, பழைய காகிதம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள். குப்பைப் பை கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும் என்பது சட்டம். நேற்று நாம் எதைத் தின்றோம், எதைத் தின்னாமல் விட்டோம் என்று ஊரே பார்க்கலாம். இந்த வாரம் முறைப்படி குப்பை இடத்தைக் கவனிப்பவள் பக்கத்து 204-ஆம் எண் வீட்டுக்காரி. ஹிராமத்சு என்று பெயர். அறுபத்தைந்து இருக்கும். ஏதோ பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒற்றை ஆள். என் பையை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். கறிவேப்பிலைக் காம்பைப் பார்த்திருப்பாள்.

புகார் கொடுத்தவள் இவள்தான். வேறு யார்?

இவள் யோக்கியதை எனக்குத் தெரியும். எங்கள் பால்கனிக்கும் அவள் பால்கனிக்கும் நடுவே ஒரு மெல்லிய பலகைதான். ஓரத்தில் நாலு விரல் இடைவெளி. காலை ஆறரைக்கு ரேடியோவில் பியானோ கேட்கும், உடற்பயிற்சி செய்வாள். ஆறே முக்காலுக்கு ஒரு எனாமல் பெட்டியைத் திறந்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, முழங்கை வரைக்கும் உள்ளே விட்டுப் பிசைவாள். உள்ளே பழுப்பாகச் சேறு. மாட்டுச் சாணத்தில் கள்ளை ஊற்றிப் பிசைந்ததுபோல வாடை. முதல் தடவை பார்த்தபோது காபியைக் கொட்டிவிட்டேன்.

கயலிடம் கேட்டால் சிரிக்கிறாள். “அது அரிசித் தவிடுங்க. உப்புப் போட்டுப் புளிக்க வச்சது. அதுக்குள்ள வெள்ளரிக்காயப் பொதச்சு ஊறுகா போடுவாங்க. தெனமும் கையால அடி வரைக்கும் கிளறணும், ஒரு நாள் விட்டாலும் நாறிடும். அவங்க பெட்டிக்கு முப்பது வயசு தெரியுமா?”

முப்பது வருடத்து நாற்றம் அங்கே. புகார் என் மேல்.

அந்தப் பலகையில் பெரிதாக என்னவோ எழுதியிருக்கிறது. அதையும் கயல்தான் படித்தாள். “அவசரம்னா இத ஒடச்சிட்டுப் பக்கத்து வீட்டு வழியா தப்பிக்கணுமாம்.”

“எரிஞ்சு சாம்பலானாலும் ஆவேனே தவிர அந்த வீட்டுக்குள்ள கால் வைக்க மாட்டேன்” என்றேன்.

ஜூன் 11, செவ்வாய்

ஊரிலிருந்து தூக்கி வந்த மிக்ஸி இங்கே ஓட வேண்டுமென்றால் செங்கல் கனத்தில் ஒரு ட்ரான்ஸ்பார்மர் வேண்டும். இரண்டும் சேர்ந்து உறுமும். பத்தேகாலுக்குத் தேங்காய் போட்டு ஒரு சுற்று விட்டேன். சுவரில் டொக், டொக். 204. நிறுத்தினேன். அவளும் நிறுத்தினாள். மறுபடி போட்டேன். டொக், டொக்.

படியில் எதிரே வந்தபோது, “சுந்தாரா-சான், உருசாய்” என்றாள். சான் மரியாதைக்கு, உருசாய் என்றால் சத்தம். ஐந்து மாதத்தில் நான் உருப்படியாகக் கற்ற இரண்டு சொற்களில் அது ஒன்று. இன்னொன்று தாய்ஜோபு, பரவாயில்லை. சுந்தரமகாலிங்கம் என்கிற என் பெயர் தபால் பெட்டிச் சீட்டில் அடங்கவில்லை என்று சுந்தாராவாக வெட்டிவிட்டார்கள். வெட்டுப்பட்டவனை வந்து சத்தம் என்கிறாள்.

ஜூன் 16, ஞாயிறு

கயல் காலைச் சாப்பாடு. சுடு சோற்றில் பச்சை முட்டையை உடைத்து ஊற்றினாள். அதன்மேல் நாட்டோ என்கிற அந்த அழுகின சோயாக் கொட்டை. குச்சியால் தூக்கினால் நூல் விடுகிறது. வாயில் ஒரு நூல், கிண்ணத்தில் ஒரு நூல். நான் கட்டிய பெண்தானா இது என்று பார்த்தேன். கயலாகச் சுருங்குவதற்கு முன்னால் கருவாட்டுக் குழம்புக்கு அடம் பிடித்த அங்கயற்கண்ணிதானா?

“உவ்வே” என்றேன்.

“உங்க கருவாட்ட விடவா?”

அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. புகார் வந்ததற்கு நான்தான் காரணம் என்றாள். வாய்விட்டுச் சொல்லவில்லை. ஜன்னலைச் சாத்திச் சமைக்கலாமே என்றாள். இரண்டும் ஒன்றுதான்.

“வீடு போனாப் போகட்டும், நான் சிவகாசிக்கே போறேன்” என்றேன்.

“போங்க. போனாத் திரும்பி வர மாட்டீங்க. அது எனக்குத் தெரியும்.” கிண்ணத்தைக் கழுவப் போனவள் குழாயைத் திறக்காமல் நின்றாள். “ஒத்தையா ஒன்பது வீடு ஏறி எறங்கினேங்க. இன்னொரு தடவை என்னால முடியாது.”

நாட்டோ கிண்ணம் மட்டும் வீட்டையே நாறடித்துக்கொண்டிருந்தது.

ஜூன் 17, திங்கள்

சமைக்கவில்லை. ரொட்டி. இங்கே ரொட்டிகூட இனிக்கிறது, சனியன்.

ஜூன் 21, வெள்ளி

புதன்கிழமை 204 கதவைத் தட்டி ஒரு பொட்டலத்தை நீட்டினாள். அந்தச் சேற்றுக்குள்ளிருந்து எடுத்த வெள்ளரிக்காய், இரண்டு. முகர்ந்தேன், குமட்டியது. அவள் கை அதற்குள் போய் வருவதை நான் தினமும் பார்க்கிறேனே. இரண்டு நாள் ஃபிரிட்ஜில் ஒளித்து வைத்துவிட்டு, இன்று காகிதத்தில் சுற்றிக் குப்பைப் பைக்குள் நடுவில் செருகினேன்.

காக்கை விடுமா? பையைக் கிழித்து, காகிதத்தைப் பிரித்து, வெள்ளரிக்காயைத் தெரு நடுவில் போட்டுவிட்டது. காக்கைக்கே பிடிக்கவில்லை போலிருக்கிறது. நான் பால்கனியிலிருந்து பார்க்கிறேன், கீழே ஹிராமத்சு துடைப்பத்தோடு வருகிறாள். வெள்ளரிக்காயைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அள்ளிப் பைக்குள் போட்டு வாயைக் கட்டினாள். மேலே நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

பார்த்துத் திட்டியிருக்கலாம். எனக்கு மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. ரொட்டி அப்படி.

ஜூலை 2, செவ்வாய்

204 தன் பெட்டியைப் பால்கனியிலிருந்து வீட்டுக்குள் கொண்டுபோய்விட்டாள். அது இருந்த இடத்தில் வெறும் தரை தெரிகிறது. நிம்மதி. காலையில் அந்தக் கண்ணராவியைப் பார்க்காமல் காபி குடிக்க முடிகிறது. ஆறே முக்காலுக்குச் சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் பெட்டி மூடி திறக்கிற சத்தம் மட்டும் கேட்கிறது. ஏழுக்குக் கெட்டில். ஏழேகாலுக்குத் தும்மல், எப்போதும் மூன்று. இந்தச் சுவரெல்லாம் சுவரா, அப்பளம்.

ஜூலை 5, வெள்ளி

கயல் வேலை விஷயமாகக் குமாமோத்தோ என்கிற ஊருக்குப் போயிருக்கிறாள். ஞாயிறு நள்ளிரவுக்குத்தான் வருவாள். போகும்போது, “ஜன்னல் சாத்திட்டுச் சமைங்க, ப்ளீஸ்” என்றாள். தலையை ஆட்டினேன். அவள் தெருமுனை திரும்பியதும் கருவாட்டு டப்பாவைத் திறந்தேன்.

ஜூலை 6, சனி

ஆறே முக்காலுக்குப் பக்கத்து வீட்டில் அரிசி மூட்டையைப் போட்டதுபோலத் தொம்மென்று ஒரு சத்தம். விடுமுறை நாளில் மனிதன் தூங்க வேண்டாமா? என்னைச் சத்தம் என்கிறவள் இவள்!

பத்து மணிக்கு மிக்ஸி. எதிர்பார்த்ததுதான், டொக், டொக். வழக்கமாக என் தலை உயரத்தில் கேட்கும். இன்று கீழே, தரைப் பக்கம். காலால் உதைக்கிறாள் போலிருக்கிறது. அத்தனை திமிர். மிக்ஸியை நிறுத்தினேன். அவள் நிறுத்தவில்லை. டொக், டொக். டொக், டொக்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. வெள்ளரிக்காய்க்கும் சேர்த்து வைத்துப் பழி வாங்குகிறாளா? தோசைக்கரண்டியைத் திருப்பிப் பிடித்து, குனிந்து, அதே இடத்தில் நாலு போடு போட்டேன். உடனே நின்றது.

ஜெயித்துவிட்டேன். ஐந்து மாதத்தில் முதல் வெற்றி. கருவாட்டுக் குழம்பு பிரமாதம்.

ஜூலை 7, ஞாயிறு

இன்று ரேடியோ பியானோ இல்லை. கெட்டில் இல்லை. தும்மல் இல்லை. சொர்க்கம்.

ஆனால் தட்டுவது மட்டும் நிற்கவில்லை. நான் மிக்ஸியைத் தொடவே இல்லை, ரசமும் அப்பளமும்தான். அப்படியிருந்தும் டொக், டொக். நான் திருப்பித் தட்டினேன். அவள் தட்டினாள். நான் தட்டினேன். பகல் முழுக்க இதே கூத்து. ஒரு கட்டத்தில் அவளிடமிருந்து வரவில்லையே என்று நானே முதலில் தட்டினேன். கொஞ்சம் கழித்து மெதுவாக ஒரு தட்டு வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்வதானால், இங்கே வந்த பிறகு கயலைத் தவிர வேறு யாரோடும் இவ்வளவு நேரம் நான் பேசியதில்லை.

மழை நின்று புழுங்குகிறது. சாயங்காலத்திலிருந்து எங்கிருந்தோ ஒரு புளித்த வாடை. நேற்றைய குழம்புச் சட்டியாக இருக்கும்.

ஜூலை 8, திங்கள்

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வரிசையாக எழுதுகிறேன்.

கயல் வேலைக்குப் போன பிறகு வாடை தாங்க முடியவில்லை. சிங்க் குழாய், கருவாட்டு டப்பா, குளியலறைச் சாக்கடை, எல்லாவற்றையும் முகர்ந்தேன். எதுவும் இல்லை. பால்கனிக்குப் போனதும் தெரிந்தது. 204. பல நாள் மறந்துபோன இட்லி மாவுபோல, அதற்குள் எலி செத்ததுபோல. எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். போட்டோ எடுத்து மொரிதாவுக்கு அனுப்பி, இதோ பார் யார் நாற்றம் என்று கேட்க வேண்டும். போனைப் பலகை இடுக்கில் நீட்டினேன். கண்ணாடிக் கதவு திறந்திருந்தது, கொசு வலை மட்டும் சாத்தியிருந்தது. ஈ மொய்க்கிற சத்தம் கேட்டது.

அப்போதுதான் உறைத்தது. கிளறாவிட்டால்தான் நாறும். முப்பது வருடமாக ஒரு நாள் தவறாமல் கை விட்டவள் கிளறாமல் விட்டால் என்ன அர்த்தம்?

ஓடிப்போய் மணி அடித்தேன், கதவை இடித்தேன். பதில் இல்லை. திரும்ப ஓடி வந்து பலகையை உதைத்தேன். முதல் உதைக்கு விரிசல், மூன்றாவது உதைக்கு ஆள் நுழையும் அளவுக்குப் பெயர்ந்து விழுந்தது. அந்தப் பக்கம் போய் வலையை நகர்த்தினேன்.

சமையலறைத் தரையில் கிடந்தாள். பெட்டி திறந்து பக்கத்தில் இருந்தது. தவிட்டுக்கு மேல் கறுப்பும் வெள்ளையுமாகப் படை கட்டி, ஈ. அந்த வாடையில் அவள் மூத்திர வாடையும் கலந்திருந்தது. நான் அவள் சிங்க்கிலேயே வாந்தி எடுத்தேன். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பினால் கண் திறந்து என்னைப் பார்க்கிறாள். உதடு அசைகிறது. குனிந்து காதைக் கொடுத்தேன்.

ஏதோ ஒரு சொல், எனக்குப் புரியவில்லை. விரலை நீட்டி என் காலைக் காட்டுகிறாள். செருப்பு!

ஜப்பானியர் வீட்டுக்குள் செருப்போடு நுழைந்திருக்கிறேன். பூஞ்சை பூத்த செருப்பு! இடுப்பெலும்பு முறிந்து இரண்டு நாள் கிடந்தவள் முதலில் சொல்வது இதை. கழற்றி எறிந்தேன்.

கயலுக்குப் போன் போட்டேன். “அசைக்காதீங்க, தண்ணிய மட்டும் ஒதட்டுல தொட்டு வைங்க, நான் ஆம்புலன்ஸுக்குச் சொல்றேன்” என்றாள். பதினோரு நிமிடத்தில் வந்துவிட்டார்கள். பெட்டிக்குள் வெள்ளரிக்காய் ஒன்றுகூட மிச்சமில்லை. உருண்டு கிடந்த பார்லித் தேநீர் பாட்டிலையும் அந்தக் காய்களையும் வைத்துக்கொண்டு இரண்டு நாள் தாக்குப் பிடித்திருக்கிறாள்.

அவள் படுத்துக் கிடந்த இடத்தில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், சுவர்க் காகிதம் நைந்து கிழிந்திருந்தது. கீழே ஒரு மரக்கரண்டி.

போதும். தூங்கப் போகிறேன்.

ஜூலை 9, செவ்வாய்

தூங்கவில்லை.

மொரிதா வந்தார். பலகை உடைந்ததற்கு ஒரு படிவம். ‘உடைத்த காரணம்’ என்று ஒரு கட்டம். “நாத்தம்னு எழுது” என்றேன். கயல் அவசரம் என்று எழுதினாள். மொரிதா என்னைப் பார்த்து இடுப்பு மடிய ஒரு வணக்கம் போட்டார். எனக்குக் கூசியது.

ஆஸ்பத்திரியிலிருந்து ஹிராமத்சு சொல்லியனுப்பிய ஒரே விஷயம் தவிடு. அறுவை சிகிச்சைக்கு முன்னால் அதைத்தான் கேட்டிருக்கிறார். மேலே அழுகியதை வழித்துப் போட்டுவிட்டு, உப்பும் புதுத் தவிடும் சேர்த்து, தினமும் கிளறினால் பிழைத்துவிடுமாம்.

“நான் பாத்துக்கிறேன்” என்றேன்.

கயல் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “நம்ம வீட்டுலயா? வாடைன்னு இன்னொரு புகார் வந்தா வீடு போயிருங்க.”

“தெரியும்.”

“நீங்க கை வைப்பீங்களா? அதுக்குள்ள?”

உடைந்த பலகை வழியாகவே பெட்டியைத் தூக்கி வந்தோம். வழித்துப் போட்டபோது இரண்டு தடவை வெளியே ஓடினேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டேன். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது, உயிருள்ள எதன் வயிற்றுக்குள்ளோ விட்டதுபோல. சோப்புப் போட்டு ஐந்து முறை கழுவினேன். போகவில்லை.

ஜூலை 10, புதன்

கிளறினேன். நாறுகிறது.

ஜூலை 20, சனி

மழைக்காலம் முடிந்துவிட்டது என்று அறிவித்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஹிராமத்சு அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மெலிந்து, தலை வாராமல். எங்களைக் கண்டதும் உட்கார்ந்தபடியே குனிந்தார். குனியக் குனிய வலியில் முகம் சுருங்கியது. நிறுத்தச் சொல்ல எனக்குச் சொல் தெரியவில்லை.

கயல்தான் அவர் பேச்சை எனக்குச் சொன்னாள். முதலில் அந்தப் புகார்த் தாள். “அவங்களுக்கும் வந்திருக்குங்க. தன்னோட தவிட்டுப் பெட்டியாலதான் புகார், நமக்குத்தான் தொந்தரவுன்னு நெனச்சு, பால்கனியில இருந்தத உள்ள தூக்கிட்டுப் போயிருக்காங்க. எடம் புதுசு, தரையில வச்சுக் குனிஞ்சு கிளறும்போது வழுக்கிருச்சாம். மன்னிச்சுக்கணும்ங்கிறாங்க.”

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்.

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பேசினார். இரண்டு தடவை கட்டில் கம்பியை விரலால் தட்டிக் காட்டினார். டொக், டொக். கயல் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

“கத்திக் கூப்பிடக் குரல் எழும்பலையாம், அதான் கரண்டியால தட்டியிருக்காங்க. விழுந்த அன்னைக்கே நீங்க திருப்பித் தட்டுனீங்களாமே. பக்கத்துல ஆள் இருக்கு, அவருக்குக் கேட்டிருச்சு, எப்படியும் வந்துருவாருன்னு தைரியம் வந்துச்சாம். ஞாயித்துக்கிழம தூக்கம் தூக்கமா வந்திருக்கு. தூங்குனா அவ்வளவுதான்னு தோணுச்சாம். ஒவ்வொரு தடவ கண் சொருகும்போதும் நீங்க தட்டி எழுப்பி விட்டீங்களாம். நீங்க இல்லேன்னா நான் இல்லேங்கிறாங்க.”

அந்த அறையில் பினாயில் வாடையும் பூ வாடையும் கலந்து அடித்தது. கையை உருவிக்கொள்ளப் பார்த்தேன், அவர் விடவில்லை.

கயல் என் பக்கம் திரும்பினாள். “ஏங்க, எனக்குப் புரியல. நீங்க சனிக்கிழமையே தட்டுனீங்களா? அப்பறம் ஏன் திங்கக்கிழம...”

ஹிராமத்சு அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்து, தெரிந்த இரண்டு சொற்களில் ஒன்றைச் சொன்னேன். “தாய்ஜோபு.”

அவர் சிரித்தார். கயல் சிரிக்கவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

கயலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கரண்டியைத் திருப்பிப் பிடித்தது, நாலு போடு போட்டது, ஜெயித்தது, கருவாட்டுக் குழம்பு. அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். “அவங்ககிட்ட சொல்லப் போறீங்களா?” என்றாள்.

“அவங்க என்ன நெனச்சு உயிரப் புடிச்சு வச்சிருந்தாங்களோ, அத நான் போய்ப் புடுங்கவா?”

“அப்பன்னா நீங்கதான் சொமக்கணும்” என்றாள்.

ஆறாம் தேதிப் பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்று பார்த்தேன். கிழித்தால் அது பழைய காகிதத்தில் சேருமா, எரியும் குப்பையில் சேருமா என்று தெரியவில்லை. எதில் போட்டாலும் பை கண்ணாடிதான். இருக்கட்டும்.

உலகத்தில் எத்தனையோ அருவருப்பைப் பார்த்து மூக்கைப் பிடித்திருக்கிறேன். என்னைப் பார்த்து நான் மூக்கைப் பிடித்தது இதுதான் முதல் தடவை.

ஆகஸ்ட் 14, புதன்

முப்பத்தேழாம் நாள். அழுகல் வாடை போய், இப்போது புளித்த வாடை மட்டும். சேற்றின் நிறம் தேறிவிட்டது. நேற்று மழைச் சகதிப் பழுப்பு, இன்று வறுத்த கடலைப் பழுப்பு. நிறம் விஷயத்தில் என் கண் பொய் சொல்லாது.

ஒரு வெள்ளரிக்காயைப் புதைத்து, இன்று எடுத்துக் கழுவித் தயிர்ச்சோற்றுக்குக் கடித்தேன். சகிக்கவில்லை. மூன்று துண்டு சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 31, சனி

ஹிராமத்சு அம்மா கைத்தடியோடு வீட்டுக்கு வந்துவிட்டார். பெட்டியைக் கொண்டுபோய் வைத்தேன். செருப்பை வாசலில் கழற்றி, மூக்கு வெளியே பார்க்கும்படி திருப்பி வைத்துவிட்டுத்தான் உள்ளே போனேன். அவர் மூடியைத் திறந்து முகர்ந்தார். ஒரு விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் கோணிப் போயிற்று. எனக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும். ஐந்து மாதமாக நான் வைத்திருந்த முகம்.

கயலிடம் என்னவோ கேட்டார். “இதுல என்ன போட்டீங்கன்னு கேக்குறாங்க. முப்பது வருசத்துல இப்படி ஒரு வாடை வந்ததில்லையாம்.”

ஒன்றும் போடவில்லை. என் கையைத்தான் போட்டேன். எத்தனை கழுவினாலும் பெருங்காயம் போகாத கை. அதை எப்படிச் சொல்ல? கையை விரித்துக் காட்டினேன். அவர் அதைப் பிடித்து முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு, அந்தத் தவிட்டுக்குள் கையை விட்டுக் கிளற ஆரம்பித்தார்.

செப்டம்பர் 2, திங்கள்

மொரிதா ஒப்பந்தத் தாள்களோடு வந்தார். எங்களுக்கு ஒன்று, 204-க்கு ஒன்று. இரண்டு வருடம். எங்கள் சமையலறையில் நின்று மூச்சை இழுத்து முகர்ந்தார். பல்லிடுக்கில் காற்று உறிஞ்சவில்லை, பேனாவை எடுத்து நீட்டினார். கயல் கையெழுத்துப் போட்டுவிட்டு என் பக்கம் தள்ளி, “நீங்களும் போடுங்க. நெசமாவே இருக்கப் போறீங்கன்னா” என்றாள். சுந்தரமகாலிங்கம் என்று முழுப்பெயரையும் தமிழில் போட்டேன். கட்டத்துக்கு வெளியே வழிந்தது.

பால்கனியில் புதுப் பலகை மாட்டியிருக்கிறார்கள். அதே எழுத்து.

செப்டம்பர் 3, செவ்வாய்

பத்தேகாலுக்கு மிக்ஸியில் தேங்காய் போட்டேன். டொக், டொக்.

மிக்ஸியை அப்படியே நிறுத்திவிட்டு வெறுங்காலோடு ஓடினேன். மணியை அடித்து, கதவை இடித்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கதவு திறந்தது. ஹிராமத்சு அம்மா கைத்தடியோடு நின்றார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, “சுந்தாரா-சான், உருசாய்” என்றார்.

“தாய்ஜோபு, தாய்ஜோபு” என்று குனிந்துவிட்டு வந்தேன். மூச்சு வாங்கியது. சட்னி இன்னும் கரகரவென்றுதான் இருந்தது, இன்னொரு சுற்று விட்டாக வேண்டும். விட்டேன்.

டொக், டொக்.

சத்தத்துக்குத்தான் தட்டுகிறார். தெரியும். மிக்ஸியை நிறுத்தினேன். மறுபடியும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.